பத்து லட்சத்துக்குள்ள ஒரு கார்: அம்மா முழங்காலுக்கும் சேத்து

18 ஆகஸ்ட் 2025, இரவு 10:40

ஆடி முடிஞ்சிருச்சு, இனி தள்ளிப்போட சாக்கு கிடையாது. ஊர் நாமக்கல். ரோட்டுக்கு வர்றப்ப எல்லாம் சேத்து 10 லட்சம், அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. ஷோரூம் விலை இல்ல, கையில சாவி வாங்குற விலை. மாசம் 600 கிலோமீட்டர் ஓடுனா அதிகம்.

வேணும்ங்கறது: ஆட்டோ கியர் (மனைவி இப்பதான் பழகுறாங்க, எனக்கு இடது கால் முட்டி பிடிச்சுக்குது). பின் சீட்டுக்குத் தனியா ஏ.சி. காத்து வரணும். அம்மாவுக்கு 71, ரெண்டு முழங்காலும் தேய்மானம், வெயில் காலத்துல பின்னால உக்காந்து வேர்த்து விறுவிறுத்துப் போயிடறாங்க. இருந்தா நல்லதுங்கறது: சீட்டுக்குள்ளயே காத்தடிக்குமே அது, அப்புறம் க்ரூஸ் கன்ட்ரோல் (ஆக்சிலேட்டரை மிதிக்காமலே வண்டி ஒரே வேகத்துல ஓடறது). பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவளுக்கு ஒரே ஆசை சன்ரூஃப். தாய்மாமா முப்பது வருசம் லைன் லாரி ஓட்டுனவரு, அவருக்கு டீசல் தவிர வேற எதுவும் வண்டியே இல்ல.

இந்தக் காசுக்கு இதெல்லாம் வருமா, எதை விடலாம்? சொல்லுங்க.

19 ஆகஸ்ட், காலை 7:15

"பட்ஜெட்டை 12 ஆக்குங்க"ன்னு நாலு பேர். நன்றி. 12 ஆக்குனா "14 ஆக்குங்க"ன்னு வருவீங்கன்னு தெரியும்.

டீசல் பத்தி: மாசம் 600 ஓட்டத்துக்கு வேண்டாம்னு நானே முடிவு பண்ணிட்டேன். விலை வித்தியாசத்தை எடுக்கவே பல வருசம் ஆகும். அதோட இப்ப வர்ற டீசல்ல புகைக்கரி வடிகட்டி இருக்கு, தினமும் ஆபீசுக்கு நாலு கிலோமீட்டர் மட்டும் போய் வந்தா அது சூடேறி கரியை எரிக்க வாய்ப்பே இல்ல, அடைச்சுக்கும். மாமாகிட்ட சொன்னேன். "என்னோட வண்டில வடிகட்டியே கிடையாது மாப்ள, எல்லாம் பின்னால வர்றவன் மூக்குதான்"னாரு.

எலெக்ட்ரிக் கேட்டவங்களுக்கு: ரோடு டாக்ஸ் 2025 டிசம்பர் 31 வரைக்கும் கிடையாதுன்னு தெரியும், ஆசையும் இருக்கு. நாங்க இருக்கறது மாடியில வாடகை வீடு. கீழ ஒரு பிளக் பாயின்ட் போட்டுக்கவான்னு வீட்டுக்காரரைக் கேட்டதுக்கு, மோட்டார் போடற நேரத்தையே குறைச்சுட்டாரு.

24 ஆகஸ்ட், இரவு 9:50

இன்னைக்கு நான் மட்டும் மூணு ஷோரூம் சுத்துனேன். பிரவுச்சர் ஒரு கட்டு. வசதிப் பட்டியலைப் படிச்சுப் பாத்தா ஒண்ணு புரியுது: எனக்கு வேணும்ங்கற ரெண்டும் (ஆட்டோ கியர், பின்னால ஏ.சி. துவாரம்) நடு வேரியன்ட்லயே கிடைச்சிடுது. அதுக்கு மேல ஒவ்வொரு படியும் ஏற ஏற வர்றது பெரும்பாலும் பளபளப்பு. பெரிய திரை, கலர் விளக்கு, ஒயர் இல்லாத சார்ஜர், சக்கரத்துக்கு டைமண்ட் வெட்டு.

மாருதி டிசையர் வெளிய பாக்க லட்சணமா இருக்கு, 2024 நவம்பர்ல வந்ததே சன்ரூஃபோட. பொண்ணுக்குப் போட்டோ அனுப்பிட்டேன். தப்பு பண்ணிட்டேன்.

சீட்டுல காத்தடிக்கிறது நாலு மீட்டர் நீளத்துக்குள்ள இருக்கிற வண்டிகள்லயே வந்திருச்சு. நெக்ஸான், சோனெட், கைலாக் எல்லாத்துலயும் இருக்கு, ஆனா மேல் வேரியன்ட்ல. ஆட்டோ கியரும் சேந்தா நம்ம 10 தாங்காது. இப்போதைக்கு அந்த ஆசையை மடிச்சு வச்சாச்சு.

25 ஆகஸ்ட், மதியம் 1:05

நேத்து எழுதுனதைத் திரும்பப் படிச்சேன். மூணு ஷோரூம் சுத்திட்டு எழுதுனதுல அம்மா பேச்சே இல்ல. யாருக்காக வாங்கறோமோ அவங்களை வீட்டுல விட்டுட்டு பிரவுச்சர் பொறுக்கிட்டு வந்திருக்கேன்.

ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன். இன்ச் டேப்பும் எடுத்துட்டு.

31 ஆகஸ்ட், இரவு 11:20

இதைக் கொஞ்சம் விரிவா எழுதறேன், வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு உபயோகப்படும்.

காலைல கிளம்பறதுக்கு முன்னால வீட்டுலயே அளவெடுத்தேன். அம்மா சிரமமில்லாம உக்காந்து எழுந்திரிக்கிற கட்டில் தரையிலிருந்து 22 அங்குலம். கைபிடிச்சுத் தூக்கிவிட வேண்டியிருக்கிற பிளாஸ்டிக் சேர் 17. ஆக நமக்கு வேண்டிய சீட் 22-ஐ ஒட்டி, ஒண்ணு ரெண்டு கூட இருந்தாலும் பரவாயில்ல.

ஷோரூம்ல கார் கதவைத் திறந்து மண்டி போட்டு டேப் பிடிச்சா, அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பாத்துட்டு "சார், டெய்லரிங்ங்களா?"ன்னு கேட்டுச்சு.

செடான் ஒண்ணுல பின் சீட் 20 அங்குலம். அம்மா முதுகைக் காட்டிட்டுத் தொப்புன்னு விழுந்தாங்க, அதுவும் மேல்கூரை சரிஞ்சு வர்ற இடத்துல கொண்டை இடிச்சுது. இறங்கறப்ப முன் சீட்டைப் பிடிச்சு ரெண்டு தடவை முயற்சி பண்ணி, மூணாவதுக்கு நான்தான் கை குடுத்தேன். "வண்டி நல்லாருக்கு கண்ணு, கல்யாணத்துக்குப் போற வண்டி"ன்னாங்க. அப்படின்னா அன்றாடத்துக்கு ஆகாதுன்னு அர்த்தம்.

அப்ப உசரமான எஸ்.யு.வி. தான் சரின்னு நெனச்சேன். அதுவும் இல்ல. பக்கத்து ஷோரூம்ல ஒண்ணுல சீட் 28 அங்குலம். சேலை கட்டினவங்க ஒரு காலை அவ்வளவு தூக்கி உள்ள வைக்கணும்னா கொசுவத்தைப் பிடிக்கிறதா, கைப்பிடியைப் பிடிக்கிறதா? அம்மா ரெண்டையும் பிடிச்சுட்டு நடுவுல நின்னுட்டாங்க. பின்னால நான் முட்டுக் குடுத்து ஏத்தினேன். இந்தக் காட்சியை எந்த பிரவுச்சர்லயும் போட மாட்டாங்க.

சரியா வந்தது இதுக்கு நடுவுல இருக்கிற உசரமான சின்ன வண்டிங்க. எக்ஸ்டர், பஞ்ச், வேகன் ஆர் மூணுலயும் அம்மா ஏறுனாங்கன்னு சொல்றதை விட, உக்காந்தாங்கன்னு சொல்லணும். பக்கவாட்டுல சாய்ஞ்சு உக்காந்து, அப்படியே காலைத் திருப்பி உள்ள வச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான். பஞ்ச்ல கதவு 90 டிகிரிக்குத் திறக்குது, அந்த இடம் அபாரம். ஆனா எங்க தெருவுல 90 டிகிரி திறந்தா எதிர் வீட்டுத் திண்ணைல இடிக்கும். வேகன் ஆர்ல பின்னால ஏ.சி. துவாரம் கிடையாது, அதனால மனசில்லாம விட்டேன்.

இன்னொண்ணு, வாசப்படி. கதவைத் திறந்தா சீட்டுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவுல ஒரு பட்டை இருக்குமே, அது அகலமா இருந்தா காலைத் தூரமா வீசி இறக்கணும். உசரத்தை மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க.

4 செப்டம்பர், காலை 6:30

நேத்து ராத்திரி நியூஸ் பாத்திருப்பீங்க. சின்ன கார் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18. செப்டம்பர் 22-லிருந்து. சுதந்திர தினத்தன்னிக்குப் பிரதமர் வரி குறையும்னு சொன்னப்பவே காத்திருக்கச் சொன்ன அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு.

அப்ப 10 சதவீதம் குறையுது. நான் மனசுல வச்சிருக்கிறது ஷோரூம் விலை 8.3 லட்சம். 83,000 மிச்சம்! சீட்டுல காத்தடிக்கிற கனவை மறுபடி விரிக்கலாமா?

4 செப்டம்பர், இரவு 8:45

காலைல எழுதுன கணக்கு தப்பு. நாலு பேர் திட்டுறதுக்கு முன்னால நானே திருத்திக்கறேன்.

பெட்ரோல் சின்ன வண்டிக்கு 28 மட்டும் இல்ல, செஸ்னு ஒரு கூடுதல் வரி 1 சேந்து 29 இருந்துச்சு. வரி இல்லாத விலை 100-னா முன்னால 129, இனிமே 118. 129-ல 11 குறையுது, அதாவது சுமார் 8.5 சதவீதம். என்னோட 8.3 லட்சத்துக்கு 70,775 ரூபா. டீசல்னா 131-லிருந்து 118, கிட்டத்தட்ட 10 சதவீதம். மாமாகிட்ட இதை மட்டும் சொல்லல.

சின்ன வண்டின்னா நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள்ள, டீசல்னா 1500-க்குள்ள. டிசையரும் ஹோண்டா அமேசும் ரெண்டுமே 3,995 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். அஞ்சு மில்லிமீட்டர் மிச்சம் வச்சு வாலை வெட்டியிருக்காங்க. ரெண்டுல ஒரு நிபந்தனை தவறுனாலும் 40 சதவீதம்.

6 செப்டம்பர், மாலை 4:10

இதை யாரும் பெருசா பேசல, ஆனா நம்ம ஊருக்காரங்களுக்கு இதுதான் பெரிய விசயம்: ரோடு டாக்ஸ்.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லிருந்து 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5-லிருந்து 10 வரைக்கும் 13, 10-ஐத் தாண்டுனா 18, 20-ஐத் தாண்டுனா 20. தாண்டுற பகுதிக்கு மட்டும் இல்ல, முழு விலைக்கும். அதனால 9,90,000 ரூபா வண்டிக்கு 1,28,700 கட்டணும். 10,10,000 ரூபா வண்டிக்கு 1,81,800. விலைல 20,000 கூடுனதுக்கு வரில 53,100 கூடுது. அந்த 10 லட்சக் கோட்டுல நிக்கிற வேரியன்ட்டை எவனாவது தலைல கட்டுனா ஓடிடுங்க.

இப்ப இதே கோடு நமக்குச் சாதகம். 10.6 லட்சத்துல இருந்த வண்டி 22-ம் தேதிக்கு அப்புறம் சுமார் 9.7 லட்சம் ஆகும். விலைல 90,000, ரோடு டாக்ஸ் 18-லிருந்து 13-க்கு இறங்குறதுல 64,000-க்கு மேல. ரெண்டும் சேந்து ஒண்ணரை லட்சம். டிசையரோட உச்சி வேரியன்ட் ஆட்டோ கியர் வந்தப்பவே 10.14, அதை ஆசைப்பட்டவங்களுக்கு இப்ப நேரம் வந்திருக்கு. 10 லட்சத்துக்கு மேல போனா 1 சதவீதம் டி.சி.எஸ்.னு தனியா பிடிப்பாங்க, அது வருமான வரில திரும்பக் கிடைச்சிடும், ஆனா வாங்குற அன்னிக்குக் கையை விட்டுத்தான போகுது.

9 செப்டம்பர், இரவு 10:00

கடுப்புல எழுதறேன்.

ஒரு ஷோரூம் (பேரு வேண்டாம்) தினமும் போன். "சார், வரி குறைப்பு அளவுக்கு நாங்களே டிஸ்கவுன்ட் தர்றோம், இந்த வாரமே பில் போட்டுக்கலாம், 22-க்கு அப்புறம் வண்டியே கிடைக்காது." டிஸ்கவுன்ட் எழுதித் தரச் சொன்னேன். வந்த தாள்ல 40,000 தள்ளுபடி. அதுக்குக் கீழ "அவசியக் கிட்" 14,500, "ஹேண்டிலிங்" 8,000, அடிப்பாகம் பூச்சு 6,000. இந்தக் கையில குடுத்து அந்தக் கையில வாங்கறதுங்கறது இதுதான். அவசியக் கிட்ல என்னன்னு கேட்டேன். மிதியடி, மண்ணுத் தடுப்பு, சாவிக்கொத்து.

பழைய வரில பில் போட்டா நமக்கு விலை மட்டுமா போகும்? அதிக விலைக்கு 13 சதவீத ரோடு டாக்சும் சேந்து போகும். முக்கியமான விசயம்: புக்கிங் தேதி கணக்கு இல்ல, பில் தேதிதான் கணக்கு. அட்வான்ஸ் குடுத்துட்டவங்க பயப்பட வேண்டாம், 22-க்கு முன்னால பில் போட விடாதீங்க.

14 செப்டம்பர், மதியம் 2:30

ஆட்டோ கியர் பத்திக் கேட்டவங்களுக்கு. நான் முதல் நாள் "ஆட்டோ கியர்"னு ஒரே வார்த்தைல எழுதிட்டேன், அதுக்குள்ள வேற வேற ஜாதி இருக்குன்னு இப்பதான் உடம்புக்குத் தெரியுது.

அமேஸ் சி.வி.டி. (படிப்படியான கியரே இல்லாத ஆட்டோ கியர் பெட்டி) ஓட்டுனேன். வழுக்கிட்டுப் போகுது, கியர் மாறுறதே தெரியல. ஏ.எம்.டி. வேற. அது நம்ம சாதா கியர் பெட்டிதான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலா ஒரு மோட்டார் இழுக்குது. விலை குறைச்சலுக்கும் மைலேஜுக்கும் அதுதான் காரணம். ஆனா வேகமெடுக்கறப்ப ஒண்ணுலிருந்து ரெண்டுக்கு மாறுற நொடியில வண்டி ஒரு தடவை தலையாட்டும். பின்னால இருந்த அம்மா, "ஏன் கண்ணு, யாருக்கோ வணக்கம் வைக்குது?"ன்னாங்க.

ஏ.எம்.டி. ஓட்டுற தந்திரம் மாமா கண்டுபிடிச்சாரு. ரெண்டு நிமிசம் ஓட்டிட்டு, "அதுவும் டிரைவர் மாதிரிதான் மாப்ள. கியர் மாத்தறப்ப நீ ஆக்சிலேட்டர்ல இருந்து காலை லேசா எடுத்துப் பழகு, அதுவும் பதமா மாத்தும்." அப்படியே செஞ்சேன், வணக்கம் பாதியாக் குறைஞ்சுது. டீசல் மட்டும்தான் வண்டின்னவரு பெட்ரோல் ஏ.எம்.டி.க்கு வைத்தியம் சொல்றாரு, காலம் மாறிப்போச்சு.

சி.வி.டி. மனசுல நிக்குது, பொய் சொல்லல. ஆனா நான் பாத்த அமேஸ் செடான், 22-க்கு அப்புறமும் ரோட்டுக்கு வர்றப்ப 10-ஐ முட்டும், கட்டில் உசரமும் இல்ல. மேக்னைட் டர்போலயும் சி.வி.டி. இருக்கு, அதையும் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. நியாயமான பேச்சு. அன்னிக்கு டெஸ்ட் டிரைவ் வண்டி சர்வீசுக்குப் போயிருந்துச்சு, பாக்காம விட்டுட்டேன். அது என் தப்பு.

15 செப்டம்பர், இரவு 9:15

சன்ரூஃப் பஞ்சாயத்து இன்னைக்கு முடிஞ்சுது. பொண்ணு கடைசி அஸ்திரமா மாமாவைத் தூது அனுப்பிச்சா. அவரு என்கிட்ட வந்து பேசறதுக்குப் பதிலா அவகிட்டயே சொல்லிட்டாரு: "நம்மூர் ஆஞ்சநேயர் பதினெட்டடி உசரத்துக்குக் கூரையே இல்லாம ஓசில நிக்கறாரு சாமி. உங்கப்பன் எதுக்குக் காசு குடுத்துக் கூரைல ஓட்டை போடணும்?" பொண்ணு சிரிச்சுட்டா. சிரிச்சதும் வழக்கு தள்ளுபடி.

என் பக்க வாதம் வேற. மே மாசம் நாமக்கல்ல உச்சி வெயில்ல தலைக்கு மேல கண்ணாடி வச்சுட்டு, கீழ சீட்டுக்குக் காத்தடிக்கணும்னு கேக்கறோம்.

சூட்டைக் குறைக்க வழி கேட்டவங்களுக்கு: வண்டிய வெயில்ல நிறுத்தியிருந்தா ஏறுன உடனே ஏ.சி.யை முழுசா வைக்காதீங்க. நாலு கண்ணாடியையும் இறக்கி அரை கிலோமீட்டர் ஓட்டி உள்ள இருக்கிற அனலை வெளிய தள்ளிட்டு, அப்புறம் கண்ணாடி ஏத்தி, உள்காத்தையே சுத்த விடற பட்டனை அழுத்துங்க. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமான்னு கேட்டவருக்கு: 2012-ல உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படிங்க. முன், பின் கண்ணாடில 70 சதவீதம், பக்கவாட்டுல 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும். செக்போஸ்ட்ல நின்னு வேர்க்கறதுக்கு ஏ.சி. எதுக்கு?

இன்னொரு உண்மையும் சொல்லிடறேன். நான் பாத்த சின்ன வண்டிங்கள்ல பின் துவாரத்துக்குத் தனி மெஷின் ஒண்ணும் இல்ல. முன்னால வர்ற அதே குளுமையை ஒரு குழாய் வழியாப் பின்னால விடறாங்க. ஆனாலும் வித்தியாசம் நெசம். மதியம் ரெண்டு மணிக்கு அம்மா முகத்துல காத்து படறதைக் கையை வச்சுப் பாத்துட்டுதான் சொல்றேன்.

21 செப்டம்பர், காலை 8:00

இன்னைக்கு மகாளய அமாவாசை. பதினஞ்சு நாளா "பட்சத்துல எதும் வாங்கக் கூடாது"ன்னு அம்மா கையைக் கட்டி வச்சிருந்தாங்க. நாளைக்கு நவராத்திரி ஆரம்பம், நாளைக்கே புது வரியும் ஆரம்பம். "டெல்லிக்காரனும் பஞ்சாங்கம் பாத்துத்தான் தேதி வச்சிருக்கான்"ங்கறாங்க. நான் மறுக்கல.

27 செப்டம்பர், இரவு 10:30

புக் பண்ணியாச்சு. எக்ஸ்டர், ஏ.எம்.டி., சன்ரூஃப் இல்லாத வேரியன்ட். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைல தயாராகுது, அதனால லாரில வர ரொம்ப நாள் ஆகாதுன்னாங்க. ஆயுத பூஜைக்குக் கிடைக்காது, அன்னிக்கு டெலிவரி கேட்டு ஊரே வரிசைல நிக்குது.

கொட்டேசன்ல கவனிச்சது ரெண்டு. ஒண்ணு இன்சூரன்ஸ். ஷோரூம் சொன்னது 46,000 சொச்சம். இதுல மூணு வருச மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 1000-லிருந்து 1500 சி.சி. வரைக்கும் 10,640 ரூபா, அதை யாரும் குறைக்க முடியாது. மீதியில பேரம் உண்டு. வெளிய விசாரிச்சு, அதே தேய்மானம் கழிக்காத பாலிசி (பாகம் மாத்துனா பழசுன்னு பணத்தைப் பிடிக்காதது) 33,000-க்கு வந்த தாளை மேஜை மேல வச்சேன். மேனேஜர் உள்ள போயிட்டு வந்து 34,500-ன்னாரு. வெளிய எடுத்தாலும் வண்டி குடுக்கணும், மறுக்க முடியாதுன்னு தெரிஞ்சு பேசுனா பேச்சே வேற மாதிரி இருக்கு.

ரெண்டு, சீட் கவர். லெதர் மாதிரி ஒண்ணு, 9,000. எனக்கு இதுல ஒரு சந்தேகம் இருந்து, முன் சீட்டோட பக்கவாட்டைத் தடவிப் பாத்தேன். ஏர்பேக்னு ஒரு சின்ன துணிச் சீட்டு தச்சிருக்கு. இந்த வண்டில எல்லா வேரியன்ட்லயும் ஆறு ஏர்பேக். அதுல ரெண்டு முன் சீட்டோட விலாவுக்குள்ள இருக்கு, அடிபட்டா தையலைப் பிரிச்சுட்டு வெளிய வரும். அது மேல கெட்டியா ஒரு உறையை இழுத்து மாட்டுனா எங்க வரும்? கேட்டதுக்கு விக்கற தம்பி "எல்லாரும் போடறாங்க சார்"னு சொல்லுச்சு. போடறாங்கதான். நான் போடல. அம்மா தலையெண்ணெய் பிரச்சனைக்குத் தலை சாயற இடத்துல ஈரோட்டுத் துண்டு ஒண்ணு. அழுக்கானா துவைச்சுக்கலாம். வெயில்ல நின்ன வண்டில லெதர் உறை மேல உக்காந்து பாத்தவங்களுக்குத் துணி சீட்டோட அருமை தெரியும்.

மொத்தம் 9 லட்சத்தைத் தொட்டு நிக்குது. அப்ப 1 லட்சம் மிச்சம் இருக்கேன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல். இன்னும் 70,000 போட்டா அடுத்த வேரியன்ட். அதுக்கு மேல இன்னும் 60,000 போட்டா அதுக்கடுத்தது. ரெண்டு ராத்திரி இந்தப் படிக்கட்டுல ஏறி இறங்கிட்டேன். மனைவி, "ஏங்க, அடுத்த வேரியன்ட்ல சீட்டு இன்னும் உசரமா வருமா?"ன்னாங்க. வராது. படுத்துத் தூங்கிட்டேன். அந்தப் பணத்துல நீட்டிச்ச வாரண்டி எடுத்துட்டு, மீதியைக் கடன்ல கழிச்சாச்சு.

9 அக்டோபர், இரவு 9:00

வண்டி வந்திருச்சு. வாங்கறதுக்கு முந்தின நாள் மதியமே போய் யார்டுல வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன், சாயங்காலம் மாலையும் ரிப்பனும் கட்டினதுக்கு அப்புறம் கீறல் எதுவும் தெரியாது. தயாரிப்பு மாசம் செப்டம்பர்னு பேப்பர்ல பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். ஸ்டெப்னில காத்து இருக்கான்னும் பாருங்க, என்னோடதுல கம்மி.

நேரா ஆஞ்சநேயர் கோவில். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஏ.எம்.டி. முதல் தடவை என் கையில நகர்ந்தப்ப மூணு பழம் நசுங்கிச்சு, ஒண்ணு உருண்டு ஓடிடுச்சு. மாமா அதை எடுத்துட்டு வந்து, "இது ஆகாது, திரும்பப் பின்னால எடு"ன்னு ரிவர்ஸ் போடச் சொல்லி நசுக்க வச்சாரு. அவருக்கு இதெல்லாம் விளையாட்டு இல்ல.

2 நவம்பர், இரவு 10:15

இன்னைக்கு கொல்லிமலை. சேந்தமங்கலம், காரவள்ளி வழியா. 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டிருக்கும். ஏ.எம்.டி.யை தானா விட்டா வளைவுல நடுவுல வந்து யோசிக்குது, ரெண்டாவது போடலாமா மூணாவதே இருக்கலாமான்னு. அஞ்சாவது வளைவுலயே கைக் கியருக்கு மாத்திட்டேன், அதுக்கப்புறம் தொந்தரவே இல்ல. இறங்கறப்பவும் அப்படியே. ரெண்டாவதுல பிடிச்சு வச்சா பிரேக் சூடாகாது.

இருபத்திமூணாவது வளைவுல அம்மாவுக்குத் தலை சுத்தல். நிறுத்தி, தண்ணி குடுத்து, இஞ்சி மிட்டாய் குடுத்து. "கண்ணு, நான் முன்னால வந்து உக்காந்துக்கட்டுமா, ரோட்டைப் பாத்துட்டு வந்தா சரியாயிரும்." உக்காந்தாங்க. சரியாயிருச்சு. அறப்பளீஸ்வரர் கோவில் வரைக்கும் கதை சொல்லிட்டே வந்தாங்க. எந்த வளைவுல அப்பா அந்தக் காலத்துல பஸ்சுலிருந்து இறங்கி நடந்தாருங்கற வரைக்கும்.

பின் சீட் ஏ.சி. துவாரம் மாமா மூஞ்சிக்கு நேரா அடிச்சுட்டு இருந்துச்சு. அவரு மலை ஏற ஏறக் குளுருதுன்னு அதை மூடிட்டாரு.

23 நவம்பர், காலை 11:40

ஒருத்தர் கேட்டிருந்தாரு, இப்ப எப்படின்னு. வண்டி நல்லாருக்கு. டவுனுக்குள்ள மைலேஜ் 13, 14.

அம்மா இப்ப நிரந்தரமா முன் சீட்டு. கொல்லிமலைக்கு அப்புறம் பின்னால போகவே இல்ல. முன் சீட்ல உசரம் கூட்டிக் குறைக்கிற வசதி டிரைவருக்கு மட்டும்தான், அந்தப் பக்கம் கிடையாது. நான் ஆகஸ்ட்ல மண்டி போட்டு அளவெடுத்தது முழுக்க பின் சீட்டு. நேத்துதான் டேப் எடுத்து முன்னால அளந்தேன், பின்னால விட ஒரு அங்குலம் கம்மி. பழைய ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போட்டிருக்கேன். சீட்டோட விலாவை மூடாம, உக்கார்ற இடத்துல மட்டும். கட்டில் உசரம் வந்திருச்சு.

பின் சீட்டு, அந்தக் காத்து, ரெண்டும் இப்ப பொண்ணுக்கு. சன்ரூஃப் இல்லாத கோபத்துக்கு ஈடா ரெண்டு துவாரத்தையும் தன் பக்கமே திருப்பி வச்சிருக்கா.